வேலைக்குன்னு சொல்லி வாங்கின கேமிங் லேப்டாப்: 45 நாள் கணக்கு



45 நாளா என் மேசைமேல ஒரு புது கேமிங் லேப்டாப் இருக்கு. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி, எளாவூர்ல இருந்து லோக்கல் ட்ரெயின் பிடிச்சு சென்ட்ரல்ல இறங்கி, ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கினது. விலை 1,15,000 ரூபாய். என் டேக் ஹோம் சம்பளம் 34,000. அதாவது மூணு மாசத்துக்கும் மேலான சம்பளம் ஒரே பெட்டிக்குள்ள.

"எப்படி இருக்கு, வாங்கலாமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வாங்கலாம். நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் வாங்கின விதத்தில் மட்டும் வாங்காதீங்க. நான் ஒரு பொய் சொல்லி வாங்கினேன். "வேலைக்கு வேணும்"னு சொன்னேன். வீட்டில் சொன்னேன், கடையில் சொன்னேன், எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்தப் பொய்க்கு நான் கொடுத்த விலை இஎம்ஐயைவிட அதிகம். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

முதல்ல மெஷினைப் பத்தி

ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 144 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன். பிராண்ட் பேர் வேண்டாம், நான் சொல்லப் போறது எல்லா பிராண்டுக்கும் பொருந்தும்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். இதுக்கு முன்னாடி நான் பார்த்ததெல்லாம் 60 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன். 144 ஹெர்ட்ஸ்ல மவுஸை நகர்த்தினாலே வித்தியாசம் தெரியுது. முன்னாடி 20 ஃப்ரேம்ல திக்கித் திணறின கேம் எல்லாம் தண்ணி மாதிரி ஓடுது. செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி வந்து ஒரு மணி நேரம் ஹெட்போன் போட்டுட்டு உட்கார்ந்தா, ஃபர்னஸ் பக்கத்துல எட்டு மணி நேரம் நின்ன களைப்பு கொஞ்சம் இறங்குது. அந்த சந்தோஷம் உண்மை, அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

இனி ஷோரூமில் யாரும் சொல்லாத விஷயங்கள்.

சத்தம். கேம் லோடு ஆன ரெண்டாவது நிமிஷம் ஃபேன் ஆரம்பிக்கும். ஹெட்போன் போட்டிருக்கிற எனக்குத் தெரியாது. அதே ரூமில் தூங்குற தம்பிக்குத் தெரியும். முதல் வாரமே அவன் பாயைச் சுருட்டிக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டான்.

சூடு. கீபோர்டின் நடுப்பகுதியில் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். நம்ம ஊர் வெயிலும், சிப்காட் பக்கம் இருக்கிற தூசியும் சேர்ந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. ஏசி ரூமில் எடுத்த ரிவ்யூ வீடியோவை நம்பி, ஃபேன் மட்டும் ஓடுற ரூமுக்கு வாங்காதீங்க. கட்டில் மெத்தைமேல வச்சு ஆடவே கூடாது. அடியில் காத்து போற வழி அடைபட்டா, சூடு தாங்காம மெஷின் தானே வேகத்தைக் குறைச்சுக்கும்.

பேட்டரி. வீடியோ பார்த்தா நாலு மணி நேரம் வருது. கேம் ஆடினா ஒரு மணி நேரம்கூட முழுசா தாங்கல, அதுவும் வேகம் பாதியாக் குறைஞ்சு. கரண்ட் போனா ஆட்டம் முடிஞ்சுது. எப்பவும் சார்ஜர்லயே இருக்கிறதால, செட்டிங்ஸ்ல 80 சதவீதத்தோட சார்ஜ் நிக்கிற மாதிரி வச்சுட்டேன். நீங்களும் வைங்க, பேட்டரி கொஞ்ச வருஷம் கூட உழைக்கும்.

எடை. லேப்டாப் ரெண்டு கிலோ, அடாப்டர் மட்டும் தனியா முக்கால் கிலோ. லேப்டாப்னு பேரே தவிர, இது மேசையை விட்டு நகராத சாமான். ஒரே ஒரு தடவை கம்பெனிக்கு எடுத்துட்டுப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி சீரியல் நம்பரை ரெஜிஸ்டரில் எழுதி, கேட் பாஸ் கேட்டு, அரை மணி நேரம் நிக்க வச்சார். கடைசியில் ஷாப் ஃப்ளோருக்குள்ள சொந்த லேப்டாப் கொண்டுபோகக் கூடாதுன்னு பதில். "வேலைக்கு வேணும்"ங்கிற பொய் அன்னைக்குக் கேட்லயே மாட்டிக்கிச்சு.

பொய் எப்படி மெஷினையே மாத்துது

இதை எழுதும்போதுதான் எனக்கே தெளிவா புரிஞ்சுது. என் வேலை குவாலிட்டி டிபார்ட்மென்ட். வீட்டில் உட்கார்ந்து நான் செய்யுற ஆபீஸ் வேலைன்னா எக்ஸெல் ஷீட், ரிப்போர்ட், எப்பவாவது ஒரு 2டி டிராயிங் திறந்து பார்க்கிறது. அதுக்கு 45,000, 50,000 ரூபாய் லேப்டாப் தாராளம். கிராஃபிக்ஸ் கார்டே தேவையில்லை.

ஆட்டத்துக்குத்தான்னு நேர்மையா ஒத்துக்கிட்டிருந்தா, நல்லா குண்டான, காத்து போக வழி இருக்கிற, லைட் எரியுற மாடலை எடுத்திருப்பேன். ஆனா "வேலைக்கு"ன்னு சொல்லியாச்சே! அதனால ஆபீஸ் லேப்டாப் மாதிரி தெரியணும்னு மெலிசா, கறுப்பா, லைட் இல்லாத மாடலைத் தேடி எடுத்தேன்.

இங்கதான் ஒரு டெக்னிக்கல் விஷயம் கவனிக்கணும். ஒரே பேரில் இருக்கிற கிராஃபிக்ஸ் சிப் எல்லா லேப்டாப்பிலும் ஒரே வேகத்தில் ஓடாது. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060க்கு என்விடியா கொடுத்திருக்கிற பவர் வரம்பு 35 வாட்டில் இருந்து 115 வாட் வரைக்கும். எத்தனை வாட் கொடுக்கலாம்னு முடிவு பண்றது லேப்டாப் செய்யுற கம்பெனி. மெலிசான உடம்பில் சூட்டை வெளியேத்த இடம் கிடையாது, அதனால வாட்டைக் குறைச்சு வச்சிருப்பாங்க. என்னோடது 75 வாட். அதே கடையில், அதே விலையில், பக்கத்து அலமாரியில் இருந்த குண்டு மாடல் 115 வாட். பெட்டிமேல ரெண்டிலும் 4060ன்னுதான் போட்டிருக்கும்.

ஆக, வேலைக்கும் இது அதிகம், ஆட்டத்துக்கும் இது குறைவு. சொல்ல வெட்கப்பட்டதால ரெண்டுங்கெட்டான் சாமானை முழு விலை கொடுத்து எடுத்திருக்கேன். நீங்க வாங்கப் போகும்போது "4060 இருக்கா, 5060 இருக்கா"ன்னு மட்டும் கேட்காதீங்க. "எத்தனை வாட்?"னு கேளுங்க. கடைக்காரருக்குத் தெரியலைன்னா கம்பெனி வெப்சைட்டில் அந்த மாடல் நம்பரைப் போட்டுப் பாருங்க, அங்க "டிஜிபி"ன்னு போட்டிருப்பாங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ: காஸ்ட் எங்க இருக்கு?

40,000 ரூபாய் கையில் கொடுத்தேன் (அது எங்க இருந்து வந்ததுன்னு கீழே சொல்றேன்). பாக்கி 75,000 ரூபாய்க்கு கிரெடிட் கார்டில் 12 மாச நோ காஸ்ட் இஎம்ஐ. மாசம் 6,250. 12 தடவை கட்டினா சரியா 75,000. கேட்க அழகாத்தான் இருக்கு. உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க.

என் கார்டின் இஎம்ஐ வட்டி வருஷத்துக்கு 16%. அந்த வட்டியில் 12 மாசம் 6,250 கட்டணும்னா அசல் சுமார் 68,885 ரூபாய்தான் இருக்க முடியும். அதாவது, வட்டி 6,115 ரூபாயை முன்கூட்டியே விலையில் தள்ளுபடியாக் காட்டுறாங்க, பேங்க் அதே 6,115ஐ வட்டியா வசூல் பண்ணுது. ரெண்டும் சமம்னு தோணும். ஆனா அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. அது என் தலையில்: 1,101 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199, அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 1,336 ரூபாய், ஸ்டேட்மென்ட்டில் கொஞ்சம் கொஞ்சமா வரும். மாசாமாசம் 20, 30, 100ன்னு வர்றதால யாரும் கூட்டிப் பார்க்கிறதில்லை.

இன்னொன்னும் இருக்கு. முழுப் பணமும் உடனே கொடுத்தா 3,500 ரூபாய் குறைக்கிறேன்னு அதே கடைக்காரர் சொன்னார். இஎம்ஐன்னதும் அந்தக் குறைப்பு போச்சு. 1,336ஐயும் 3,500ஐயும் கூட்டினா 4,836. மாசாமாசம் கட்டக் கட்டக் கடன் குறையுமில்லையா, அதனால வருஷம் முழுக்க சராசரியா என் பேரில் இருக்கிற கடன் சுமார் 40,000 ரூபாய்தான். 40,000க்கு 4,836ன்னா கிட்டத்தட்ட 12% வட்டி. "நோ காஸ்ட்" கடனுக்கு 12%!

இது புதுக் கதையும் இல்லை. 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிச்சு. கிரெடிட் கார்டு 0% இஎம்ஐ திட்டங்களில் வட்டியை பிராசஸிங் கட்டணம்ங்கிற பேரில் மறைச்சு வாங்குறாங்க, பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்கிறது அதோட சாரம். அதுக்கப்புறம்தான் "0%" பேர் மாறி "நோ காஸ்ட்" ஆச்சு.

இன்னொரு விஷயம். "ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு சார், இப்பவே எடுத்துடுங்க"ன்னு கடையில் சொன்னா நம்பாதீங்க. 2025 செப்டம்பர் 22ல டிவி, ஏசி எல்லாம் 28ல இருந்து 18% ஆனது உண்மை. லேப்டாப் அதுக்கு முன்னாடியும் 18%தான், இப்பவும் 18%தான். என் லேப்டாப் விலையில் சுமார் 17,500 ரூபாய் ஜிஎஸ்டி மட்டுமே. சொந்தத் தொழில் பண்றவங்க அதை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம். சம்பளக்காரன் எடுக்க முடியாது, வருமான வரியிலும் கழிக்க முடியாது. "வேலைக்கு வாங்கினேன்"னு நாம வீட்டில் சொல்லலாம், வருமான வரித்துறைகிட்ட செல்லாது.

பெட்டிக்கு வெளியே இருக்கிற செலவு

மவுஸ் 900. கூலிங் பேட் 1,500. ஒரு டிபி எஸ்எஸ்டி 5,500. கேம்ஸ் 2,400. மொத்தம் 10,300 ரூபாய். முதல் மாசத்திலேயே.

எஸ்எஸ்டி எதுக்குன்னா, 512 ஜிபியில் விண்டோஸ் எல்லாம் போக மிஞ்சினது கொஞ்சம்தான். ஜிடிஏ 5 ஒண்ணே 100 ஜிபிக்கு மேல. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2க்கு 150 ஜிபி இடம் கேட்கிறாங்க. மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இதெல்லாம் டவுன்லோடு பண்ண முடியாது. ஏற்கனவே வீட்டில் பிராட்பேண்ட் இருந்ததால தப்பிச்சேன். இல்லாதவங்க அதையும் மாசச் செலவில் சேர்த்துக்கோங்க.

கேம் வாங்குறதில் அவசரப்படாதீங்க. ஸ்டீமில் வருஷத்துக்கு நாலு பெரிய தள்ளுபடி சீசன் வருது. எபிக் கேம்ஸ் ஸ்டோரில் வாராவாரம் ஏதாவது ஒரு கேம் இலவசமாக் கிடைக்குது. ஸ்டீமில் வாங்கினது பிடிக்கலைன்னா 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா பணம் திரும்பக் கிடைக்கும். நான் 1,100 ரூபாய் கேம் ஒண்ணை அப்படித் திருப்பினேன்.

கரண்ட் பில்லைப் பத்திப் பயப்பட வேண்டாம். ஆடும்போது மெஷின் சுமார் 180 வாட் இழுக்குதுன்னு வச்சுக்கோங்க. தினம் ரெண்டு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 22 யூனிட். வாடகை வீட்டில் ஓனர் யூனிட்டுக்கு 8, 9 ரூபாய் வாங்கினாலும் 200 ரூபாய் சுத்துவட்டம்தான்.

வாரண்டி ஒரு வருஷம். கடையில் கொடுக்கிற "புரொடெக்ஷன் பிளான்" வேற, கம்பெனி கொடுக்கிற வாரண்டி நீட்டிப்பு வேற. பல கம்பெனிகள், முதல் வருஷ வாரண்டி முடியறதுக்குள்ள அவங்க வெப்சைட்டிலேயே நீட்டிக்க விடுறாங்க. பில் போடும்போது அவசரத்தில் தலையாட்டாதீங்க, வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பார்த்து எடுங்க.

லேப்டாப், கூடுதல் சாமான், இஎம்ஐ செலவு எல்லாம் சேர்த்து என் கணக்கு 1,26,600 ரூபாய். இதை ஒரு செலவாப் பார்த்து பயப்படாம, மணிக்கு எவ்வளவுன்னு பார்ப்போம். தினம் ஒரு மணி நேரம்னு நாலு வருஷம் ஆடினா 1,460 மணி நேரம், மணிக்கு 87 ரூபாய். தியேட்டர் டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் பார்த்தா இது மோசமே இல்லை. ஆனா ஆசை தீர்ந்து 40 மணி நேரத்தோட மூடி வச்சுட்டா, மணிக்கு 3,165 ரூபாய். உங்க பழைய கிட்டார், ஜிம் மெம்பர்ஷிப், டிஎஸ்எல்ஆர் கேமரா எல்லாம் எத்தனை மணி நேரத்தோட நின்னுதுன்னு யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

அந்த 40,000 ரூபாய்

இப்ப அந்தக் கதைக்கு வர்றேன்.

2011 செப்டம்பர் 15ல அரசோட இலவச லேப்டாப் திட்டம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூரில்தான் ஆரம்பிச்சுது. சில வருஷம் கழிச்சு நான் பிளஸ் டூ படிக்கும்போது எனக்கும் ஒண்ணு கிடைச்சுது. எங்க வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதில்தான் டிப்ளமோ ப்ராஜெக்ட் செஞ்சேன், அதில்தான் பயோடேட்டா அடிச்சேன், அதில்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்கு மெயில் அனுப்பினேன். எங்க அம்மாவைப் பொறுத்தவரைக்கும் லேப்டாப்னா வேலை. டிவி மாதிரி, பைக் மாதிரி ஒரு பொருள் இல்லை அது. பையனை ஆளாக்கின சாமான்.

அதனாலதான், "வேலைக்கு நல்ல லேப்டாப் வேணும்மா, கொஞ்சம் பணம் குறையுது"ன்னு நான் சொன்னதும் ஒரு கேள்வி கேட்கல. பீரோவைத் திறந்து 40,000 எடுத்துக் கொடுத்தாங்க. மாசம் 2,000 வீதம் 20 மாசம் கட்டின சீட்டுப் பணம். வீட்டு மொட்டை மாடி ஒழுகுது, மழைக்கு முன்னாடி தளம் போடணும்னு எடுத்து வச்சிருந்தது.

மழை நமக்காகக் காத்திருக்குமா? வந்துச்சு. ஒருநாள் ராத்திரி 11 மணி. நான் ஹெட்போன் போட்டுட்டு ஆடிக்கிட்டிருக்கேன். கதவு திறந்து அம்மா எட்டிப் பார்த்தாங்க. கையில் பிளாஸ்டிக் பக்கெட். ஹாலில் மூணாவது இடத்தில் ஒழுக ஆரம்பிச்சிருக்கு.

"இன்னும் வேலை முடியலையாப்பா? கண்ணு கெட்டுடப் போகுது, சீக்கிரம் படு"ன்னு சொல்லிட்டு, என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க.

ஸ்க்ரீனில் 90 ஃப்ரேம் ஓடிக்கிட்டிருக்கு. எனக்கு அதுக்கப்புறம் ஆட முடியல.

மறுநாள் காலையில் சொல்லிட்டேன். "அம்மா, அது வேலைக்கு இல்லை. கேம் ஆடத்தான் வாங்கினேன்." திட்டுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஆடத்தான்னு சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்? சம்பாதிக்கிற பிள்ளை. மழை முடியட்டும், தை மாசம் வாங்கிக்கோன்னு சொல்லியிருப்பேன்"னாங்க.

எத்தனையோ பர்சனல் ஃபைனான்ஸ் வீடியோ போட்டிருக்கேன். இந்த ஒரு வரியை நான் எதிலும் சொன்னதில்லை. எதுக்காக வாங்குறோம்னு உண்மையைச் சொன்னா, எப்ப வாங்கணும்ங்கிறது தானா தெரிஞ்சுடும். வேலைக்குன்னா உடனே வேணும், வீட்டுப் பணத்தை எடுக்கலாம், கடன் வாங்கலாம், எல்லாத்துக்கும் நியாயம் இருக்கு. ஆட்டத்துக்குன்னா காத்திருக்கலாம், அது என் ஜாலிக்கான பணத்தில் இருந்துதான் வரணும். நான் ஆட்டத்துக்கு வாங்கிட்டு, வேலைக்கான அவசரத்தையும் வேலைக்கான பணத்தையும் அதுக்குக் கொடுத்தேன். தப்பு அங்கதான்.

இப்ப என்ன பண்றேன்? அம்மாவுக்கு மாசம் 5,000 வீதம் எட்டு மாசத்தில் திருப்பிக் கொடுக்கிறேன். இஎம்ஐ 6,250 சேர்த்தா மாசம் 11,250. சம்பளத்தில் மூணில் ஒரு பங்கு. பைக் சர்வீஸைத் தள்ளிப் போட்டிருக்கேன், எஸ்ஐபியைப் பாதியாக் குறைச்சிருக்கேன். மாடியில் இப்போதைக்கு தார்ப்பாய். தை பிறந்ததும் முதல் வேலை தளம்.

சரியா வாங்கியிருந்தா எப்படி இருந்திருக்கும்?

ஒரு வருஷம் முன்னாடியே, "இது என் ஆட்டத்துக்கு"ன்னு பேர் எழுதி மாசம் 9,500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போட்டிருந்தேன்னு வைங்க. 6.5% வட்டியில் 12 மாசத்தில் சுமார் 1,18,000 ரூபாய். ரொக்கத் தள்ளுபடி போக 1,11,500க்கு அந்த குண்டு மாடலை எடுத்துட்டு, மிச்சம் 6,500ல் எஸ்எஸ்டியும் மவுஸும் வாங்கியிருக்கலாம். கடன் இல்லை, பொய் இல்லை, பக்கெட் இல்லை.

மாசம் 9,500 எடுத்து வைக்க முடியலையா? அப்ப உங்களால மாசம் 9,500 இஎம்ஐயும் கட்ட முடியாது. ஆர்டி போடுறதுதான் இஎம்ஐக்கு ஒத்திகை. நடுவில் ஒரு மாசம் தவறினா ஆர்டியில் சின்ன அபராதத்தோட போயிடும். கார்டு பில்லை முழுசாக் கட்டாம விட்டா லேட் ஃபீஸ், மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல வட்டி, சிபில் ஸ்கோர் அடி, எல்லாம் வரிசையா வரும்.

"காத்திருந்தா விலை ஏறிடாதா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. வழக்கமா புது சீரிஸ் வந்ததும் பழைய மாடல் விலை இறங்கும். ஆனா 2025 கடைசியில், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கிட்டுப் போனதில் ரேம் விலை உலகம் முழுக்க ஏறிச்சு. அதனால காத்திருந்தா எப்பவும் லாபம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஆட்டச் சாமான் விலை 10,000 ஏறினா நீங்க இழக்கிறது 10,000. கையில் அவசரத்துக்குப் பணமே இல்லாத மாசத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவோ வேலை இழப்போ வந்தா இழக்கிறது அதைவிடப் பெரிசு.

இதை முக்கியமா கான்ட்ராக்டில் வேலை செய்யுற தம்பிகளுக்குச் சொல்றேன். நம்ம சிப்காட்லயும், எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிலயும் எத்தனை பேர் 16,000, 17,000 சம்பளத்தில் கான்ட்ராக்டர் மூலமா வேலை செய்யுறீங்கன்னு எனக்குத் தெரியும். என் லைன்லயே ஒரு தம்பி, "அண்ணா, 90,000ல ஒரு மாடல் இருக்கு, 18 மாசம் இஎம்ஐ, எடுக்கலாமா?"ன்னு கேட்டான். மாசம் 5,000. "உன் கான்ட்ராக்ட் எத்தனை மாசம்டா?"ன்னேன். "பதினொண்ணு"ன்னான். 11 மாச வேலையை நம்பி 18 மாசக் கடன்! இந்த ஒரு கணக்கை மட்டும் எப்பவும் மறக்காதீங்க: கடனோட வயசு வேலையோட வயசைத் தாண்டக் கூடாது.

அவனுக்கு நான் "வாங்காதே"ன்னு சொல்லல. வேலோரன்ட் மாதிரி கேமுக்கு இவ்வளவு பெரிய மெஷினே தேவையில்லை, சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். என்ன கேம் ஆடப் போறேன்னு முதல்ல எழுது, அதுக்கு என்ன வேணும்னு அப்புறம் பார்க்கலாம்னு சொன்னேன். அவன் எழுதிக் கொடுத்த லிஸ்டில் இருந்தது ரெண்டே கேம். ரெண்டும் 50,000 ரூபாய் லேப்டாப்பில் ஓடும்.

வாங்குறதுக்கு முன்னாடி

உங்களையே மூணு கேள்வி கேட்டுக்கோங்க. ஒண்ணு, "ஆட்டத்துக்குத்தான் வாங்குறேன்"னு வீட்டில் சத்தமாச் சொல்ல முடியுமா? முடியலைன்னா இன்னும் நேரம் வரல. ரெண்டு, இது வாங்கின பிறகும் மூணு மாசச் செலவுக்குப் பணம் தனியா இருக்கா? மூணு, பெட்டி விலைக்கு மேல இன்னொரு 10% கையில் இருக்கா?

மூணுக்கும் ஆமான்னா தாராளமா வாங்குங்க. யாரும் உங்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் உழைக்கிறவனுக்கு ஒரு மணி நேரம் ஆட உரிமை இல்லையா? சம்பாதிக்கிறது கடன் கட்ட மட்டும் இல்லையே. வாங்கும்போது குண்டு மாடலா, நல்லா லைட் எரியுற மாடலா எடுங்க.

என் லேப்டாப்பை விக்கலாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். செகண்ட் ஹேண்டில் 85,000க்கு மேல யாரும் கேட்கல. 30,000 நஷ்டப்பட்டு விக்கிறதைவிட வச்சுக்கிட்டு ஒழுங்கா ஆடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். நேத்து ராத்திரி ஆடிக்கிட்டிருக்கும்போது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாங்க. கார் ரேஸ் கேம். அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு, "நம்ம செக்போஸ்ட் ரோடு மாதிரி லாரியே இல்லையே, அதான் இவ்ளோ வேகமாப் போறான்"னு சொல்லிட்டு எழுந்து போனாங்க.

இஎம்ஐ இன்னும் பதினொண்ணு பாக்கி இருக்கு மக்களே. நீங்க இப்ப என்ன பொருளை "வேலைக்கு"ன்னு சொல்லி வாங்கப் போறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்த பதிவில், தை மாசம் தளம் போட்ட கணக்கோட சந்திக்கிறேன்.